முதுமையிற் பெற்ற சின்னங்கள்

சின்னந் தரித்தல் மனிதனுக்கு இயல்பாய் அமைந்த ஆசைகளுள் ஒன்று. பண்டை நாளிற் போர்க்குச் சென்ற வீரன் தன் அரசனுக்குரிய பூவைச் சூடிச் சென்றான். பாடிப் பரிசில் பெற்ற பாணன் பொற்றாமரையோடு மீண்டான். இக்காலத்து உத்தியோகஸ்தன் வாயிலிற் பெயர்ப்பலகை தொங்கவிடுகிறான். மேடையேறுவோன் பொன்னாடை ஏற்கிறான். பட்டமளிப்பு விழாவன்று நாமும் ஒருநாள் வாடகைக்கு வாங்கிய கறுப்பு அங்கியைப் போர்த்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டோம் அல்லமோ? அப்படத்தைச் சுவரினின்றும் கழற்றிவிட்டவர் நம்முள் எத்துணைப் பேர்?

ஆதலின், அறுபது கடந்தோர் சிலர் சாரணச் சிறுவரைப்போல வட்டமான துணிச் சின்னங்களுக்காகப் பரீட்சை கொடுத்து வருகின்றனர் என்று யான் எழுதும்போது, இம்மலரைப் படிக்கும் இளைஞர் நகைப்பரேல், அந்நகைப்பைத் தடுக்க முயலேன். எங்கள் இல்லத்தார் முன்னமே போதிய அளவு நகைத்தாயிற்று.

இச்சின்னங்களின் வரலாற்றை முதலிற் சிறிது சொல்லுதல் வேண்டும். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பேடன் பவல் என்பார் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சித் தீவில் ஏறக்குறைய இருபது சிறுவரைக் கூட்டிப் பாசறை ஒன்று நடத்தினார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சாரணர் இயக்கம் பல நாடுகளிற் பரவியது. அமெரிக்கச் சாரணர்க்கு 1911-இல் 57 திறமைச் சின்னங்கள் இருந்தன. இப்பொழுது அத்தொகை 130-ஐக் கடந்துவிட்டது. இவை பலரும் அறிந்தவை. ஆனால் சின்னம் வழங்கும் முறைக்கு அடிப்படையான கருத்து அதற்கு முன்னரே அமெரிக்காவில் முளைத்ததென்பதைச் சிலரே அறிவர். எர்னஸ்டு தாம்ஸன் சீட்டன் என்னும் இயற்கை நூலறிஞர், தம் தோட்டத்து வாயிலைக் கெடுத்த குறும்புச் சிறுவரைத் தண்டியாது, 1902-இல் அவர்களையே தம் நிலத்திற் பாசறையிட அழைத்தார். காட்டறிவிலும் உடற்பயிற்சியிலும் தேர்ந்தவர்க்கு இறகுகளைச் சின்னமாக அளித்தார். அவர் வகுத்த விதிகளுள் எனக்கு மிகவும் உவப்பானது ஒன்றுண்டு. பிறனை வென்றவனுக்குப் பரிசு என்பது அவரிடத்தில் இல்லை. குறித்த அளவை எட்டியவர் யாவர்க்கும் இறகு உண்டு. பந்தயத்தில் முதல்வன் ஒருவனே, ஏனையோரெல்லாம் தோற்றோர். சீட்டனுடைய முறையிலோ, இன்ன தொலைவை இன்ன நேரத்திற் கடந்தவர் நூற்றுவராயின் நூற்றுவரும் இறகு சூடுவர். ஒருவருமில்லையேல் இறகு பெட்டியிற் கிடக்கும். வரிசை எண்ணுக்காகவே படித்துத் தேறிய என்போன்றார்க்கு இஃது எத்துணைப் புதுமையாய்த் தோன்றியதென்பதைச் சொல்லி முடியாது.

பெரியோர்க்கும் சின்னங்கள் இல்லாமல் இல்லை. சாரணரைப் பயிற்றும் தலைவர்க்கென இலண்டனை அடுத்த கில்வெல் பூங்காவில் 1919-இல் ஒரு பயிற்சி தொடங்கிற்று. அதில் தேறினவர் தோல்வாரிற் கோத்த இரண்டு மரமணிகளைக் கழுத்தில் அணிவர. முதன்முதல் வழங்கிய மணிகள் தென்னாப்பிரிக்காவில் சூலு மக்களின் தலைவராயிருந்த தினுசூலுவின் மாலையினின்றும் வந்தவை என்று சாரணர் வழிவழியாகச் சொல்லுவர். அடக்கப்பட்டவர் அணி அடக்கியவர் கையிற் பரிசாக மாறிய இக்கதை எனக்கு உவப்பன்று. சின்னம் சிலரைச் சேர்ப்பதுபோலவே சிலரை விலக்கவும் வல்லது. நம் நாட்டிலேயே தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்க்குச் சாரணர் படையில் இடமில்லை. அது பொறாமல், முதல் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில், அன்னி பெசண்டு அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் நிறுவினார். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபொழுதுதான் இரண்டும் இணையும் வழி பிறந்தது. இப்பொழுதுள்ள பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7-இல் உருவாயிற்று.

அது கிடக்க. அண்மைக்காலத்தில் இம்முறை சாரணர் வேலியைத் தாண்டிப் பொதுமக்களிடத்தும் சென்றிருக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1990-களின் இறுதி முதல் இயற்கைத் தொண்டர் திட்டமொன்று நடைபெற்று வருகிறது. வயதுவந்த எவரும் நாற்பது மணி நேரம் தம் வட்டாரத்துச் செடிகொடிகளையும் உயிர்களையும் பற்றிக் கற்றுப் பின் நாற்பது மணி நேரம் தொண்டாற்றித் தேறலாம். சட்டையிற் குத்தும் சின்னம் ஒரு தும்பி. தொண்டு செய்த மணி பெருகப் பெருகத் தும்பியின் உலோகம் மாறும். பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் நெசவு, சமையல், விண்மீன் நோக்கல், ஆற்றங்கரை துப்புரவு என்று வயதுவந்தோர் தாமே சின்னங்களை வகுத்துக்கொண்டு முயலும் கூட்டங்கள் தோன்றியிருக்கின்றன. இச்செய்திகளைப் படித்தே நாங்களும் துணிந்தோம்.

துணிவு எங்ஙனம் வந்ததென்பதையும் சொல்லிவிடுகிறேன். யான் அறுபதாம் வயதில் உத்தியோகத்தினின்று நீங்கினேன். என் வாயிற்பலகையில் மூன்று வரிகள் இருந்தன: பெயர், இக்கல்லூரி எனக்களித்த பட்டம், உத்தியோகப் பெயர். மூன்றாம் வரிக்கு முன் 'ஓய்வு' என்னும் சொல்லைச் சேர்ப்பித்தற்பொருட்டுப் பெயர் எழுதுபவர் ஒருவரை அழைத்தேன். அவர் பலகையை ஏற இறங்கப் பார்த்து, "இடமில்லை ஐயா, அந்த வரியையே அழித்துவிட்டால் பார்வையாயிருக்கும்" என்றார். அவர் மீது குறையொன்றுமில்லை. பலகையின் அளவைத்தான் அவர் பார்த்தார். ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகளாக எவருடைய மேசையில் எந்தக் காகிதம் கிடக்கிறதென்று அறிந்திருந்த யான், காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று அறியாது, நாளிதழின் வரிவிளம்பரங்கள் வரையில் வாசித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. என்னையொத்த நண்பர் நால்வர்க்கும் ஏறக்குறைய அந்நிலையே. ஒருவர் வங்கியில் மேலாளராயிருந்தவர். ஒருவர் தமிழ் விரிவுரையாளர். ஓர் அம்மையார் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாயிருந்தவர். மற்றவர் பாளையங்கோட்டையில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். கடைக்காரர்க்கு ஓய்வென்பது இல்லையாயினும் எங்கள் கூட்டத்திற் சேர்வதில் அவர்க்கே ஆவல் மிகுதி.

தலைமையாசிரியை அம்மையார் விதிகளை வகுத்தார். முன்னரே அறிந்த தொழிலிற் சின்னம் பெறலாகாது; அறியாத ஒன்றைத் தொடக்கத்தினின்று கற்றல் வேண்டும். எங்களுள் ஒருவர் மற்றொருவரைப் பரீட்சித்தலாகாது. அத்துறையிற் பிழைப்பு நடத்துபவரோ, நாளெல்லாம் அதிற் கையாடுபவரோ பரீட்சகராதல் வேண்டும். காலவரையறை இல்லை. சின்னம், பழைய நீலச் சீருடைத் துணியிற் கிழித்த வட்டம். நடுவில் அம்மையாரே நூலால் உருவந் தைத்துக் கொடுப்பார். இரண்டாம் விதியே எங்களை வாழ்வித்தது என்பேன். படித்தவர் என்று பெயர்பெற்ற நாங்கள் படியாதவர் முன்னே நின்று "சரிதானா?" என்று கேட்கும் நிலைக்கு அதுவன்றோ எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது!

சமையற் சின்னத்தின் கதை நெடியதன்று. வங்கி மேலாளர் அதற்கு விண்ணப்பித்தார். பரீட்சகர் அவர் மனைவியார். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். பனையோலை முடைதலை அம்மையார் மணப்பாட்டுப் பக்கத்துப் பெண்களிடம் கற்றார். அவர் முடைந்த முதற்பெட்டி இன்றும் கோணலாய் என் மேசைமீதிருந்து பேனாக்களைத் தாங்குகிறது.

யான் தெரிந்துகொண்டது முடிச்சு. சாரணச் சிறுவன் முதன்முதற் கற்பதும் அதுவே. உவரிக்கு அருகே கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவரைக் கண்டேன். இப்பொழுது அங்குப் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே கடலிற் செல்லுகின்றன. அவரோ இளமையிற் கட்டுமரத்திற் சென்றவர். கட்டுமரம் என்னும் பெயரை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆணியின்றிக் கயிற்றால் மட்டும் இணைத்த சில மரங்கள் அவை. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரவிடுவர். மறுநாள் மீண்டும் கட்டுவர். "அண்ணாச்சி, எனக்கு முடிச்சு கற்றுக் கொடுக்கவேண்டும்" என்று யான் சொன்னபொழுது அவர் என் விரல்களைப் பார்த்தார். "பேனா பிடித்த கை" என்றார், மறுத்தாரில்லை.

புத்தகத்திற் படம் பார்த்து நான்கு முடிச்சுகளைப் பயின்றே சென்றிருந்தேன். அவர் அவற்றை இழுத்துப் பார்த்தார், உறுதியாகவே இருந்தன. பின்பு கயிற்றைக் கடல்நீரில் ஊறவைத்து, "இப்பொழுது கண்ணை மூடிக்கொண்டு அவிழும்" என்றார். ஈரக் கயிறு இறுகினால் இரும்பு. என் நகம் ஒன்று பிளந்ததன்றி முடிச்சு நெகிழவில்லை. இருட்டில், அலையில், கை விறைத்திருக்கும்போது அவிழ்க்கத் தகாத கட்டு ஆளைக் கொன்றுவிடும் என்று அவர் சொன்னார். அவருடைய கட்டுகளிலோ, எவ்வளவு இறுகினும் ஓரிடத்தில் தள்ளினால் உடனே தளர்ந்து கொடுக்கும் மடிப்பு ஒன்று இருந்தது. அம்மடிப்பை என் விரல் அறிந்துகொள்ள ஐந்து மாதங்களும் பதினொரு பயணங்களும் ஆயின. அவர் தலையசைத்த நாளில் யான் அடைந்த மகிழ்ச்சியைப் பதவியுயர்வு ஆணை வந்த நாளின் மகிழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பதவியுயர்வு மூப்பின்படி வந்தது. எனக்கு முன்னிருந்தவர் ஓய்வுபெறக் காத்திருந்தால் போதும். இஃது அவ்வாறன்று.

பறவைச் சின்னத்தில் விரிவுரையாளர் அகப்பட்டுக்கொண்டார். எங்கள் ஊர்ப்புறத்துக் குளக்கரையில் நாள்தோறும் புல்லறுக்கும் ஆச்சி ஒருவரே பரீட்சகர். நண்பரோ சங்க நூற்பயிற்சியுடையவர். நாரையும் அன்றிலும் அவர்க்கு மனப்பாடம். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, முக்குளிப்பான், கூழைக்கடா, அரிவாள்மூக்கன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தார். கரிய உடலும் வெள்ளை நெற்றியுமுடைய நீர்க்கோழியைக் காட்டி ஆச்சி வினவ, "நாமக்கோழி, நெற்றியில் நாமம் இருத்தலின்" என்று விடை பகர்ந்தார். சிவந்த நெற்றியுடையதைத் தாழைக்கோழி என்றார். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஏன் இடைவெளி விட்டிருக்கிறதென்பதையும் விளக்கினார். எல்லாம் கேட்டிருந்த ஆச்சி, "சரி ஐயா, இந்தக் கொக்கெல்லாம் ராத்திரிக்கு எங்கே அடையும்?" என்றார். நண்பர் வாய் திறக்கவில்லை. "பேர் தெரிந்தால் போதுமா? வீடு தெரியவேண்டாமா?" என்று சொல்லிவிட்டுப் புற்கட்டைத் தூக்கிக்கொண்டு ஆச்சி போய்விட்டார்.

அதன்பின் நண்பர் மாலைதோறும் குளக்கரைக்குச் சென்றார். உள்வாயில் வளர்ந்திருக்கும் நாட்டுக்கருவேல மரங்களில் எம்மரத்தில் எந்த இனம், எந்நேரத்தில், எத்திசையினின்று வந்து அடைகிறதென்று குறித்துவைத்தார். மூன்று மாதங் கழித்துச் சின்னம் கிடைத்தது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி 2011 முதல் தொண்டர்களைக் கொண்டு ஆண்டுதோறும் நடந்து வருகிறது. இப்பொழுது அவர் அதிலும் செல்லுகிறார். கூந்தன்குளத்தில் ஊர்நடுவே மக்கள் வீட்டு மரங்களிற் கூடுகட்டி வாழும் நாரைகளைக் காணச் சென்றபோதும், முதற்கண் அவர் வினவியது, எவை எங்கே அடைகின்றன என்பதே.

நிற்க. தொண்டுக்குச் சின்னம் உண்டோ என்னும் வினாவில்தான் எங்கள் சிறு கூட்டம் உடையும் நிலைக்கு வந்தது. வங்கி மேலாளர் கணக்கில் வல்லவர். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நம் கல்லூரிகளில் இரண்டாண்டில் 240 மணி நேரத் தொண்டை அளவாக வைத்திருக்கிறது. அதன் தொண்டர் கோணார்க்குச் சக்கரத்தைச் சின்னமாக அணிகின்றனர். நாமும் 240 மணி என்று வைப்போம் என்றார் அவர். தலைமையாசிரியை அம்மையார் உடன்படவில்லை. "மணி நேரம் செய்பவரை அளக்கும், செய்தது பயன்பட்டதா என்பதை எப்படி அளக்கும்?" என்று கேட்டார். இளைஞர்க்கு ஒரு தொடக்க அளவு வேண்டும், அதனை யான் குறைகூறேன். ஆனால் மரம் நட்ட மணியைக் கணக்கெழுதிவிட்டு, நட்ட மரத்தின் பக்கம் பின்னர்த் திரும்பியும் பாராதவரை நாம் கண்டதில்லையா? சொற்போர் இரண்டு மாலை நடந்தது. மூன்றாம் மாலை மேலாளர் வரவில்லை. முடிவில் கடைக்காரரே வழிசொன்னார்: மற்றச் சின்னங்களுக்குள்ள விதியே இதற்கும் ஆகட்டும், தொண்டைப் பெறுபவர் எவரோ அவரே பரீட்சகர். இதனைக் கேட்டு மேலாளரும் மீண்டுவந்தார்.

யான் பார்வையற்ற மாணாக்கர் ஒருவர்க்குப் பாடம் வாசிக்கும் பணியை ஏற்றேன். பாளையங்கோட்டையிற் பார்வையற்றோர்க்கான பள்ளி நூறாண்டுக்கு மேலாக நடந்துவருவதனால், அத்தகைய மாணாக்கர் கல்லூரிகளிற் பயில்வது எங்கள் ஊரிற் புதிதன்று. கைப்பேசியே எழுத்தை வாசித்துக் காட்டும் இக்காலத்தில் வாசிக்க ஆள் எதற்கு என்று சிலர் ஆசங்கிக்கலாம். யானும் அவரை அதுவே கேட்டேன். மங்கிய நகற்படிகளையும், கையெழுத்துக் குறிப்புகளையும் கைப்பேசி தடுமாறி வாசிக்கும். படம் வந்தாலோ அதுவும் கைவிட்டுவிடும் என்றார். அவர் அப்பொழுது பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு பயின்றார். அந்நூலிலோ பக்கத்துக்குப் பக்கம் வரைபடம்.

முதல்நாளே அவர் இட்ட நிபந்தனை ஒன்று: "படம் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடாதீர்கள், ஐயா." தேவைக்கோடு இடமிருந்து வலமாக இறங்குகிறது, அளிப்புக்கோடு ஏறுகிறது என்று சொன்னேன். எவ்வளவு சாய்வாக, எங்கே வெட்டுகிறது, வெட்டிய இடத்திற்கு மேலே இருக்கும் முக்கோணம் பெரிதா கீழே இருப்பது பெரிதா என்று வினவினார். அவர் உள்ளங்கையில் என் விரலால் வரைந்து காட்டினேன். கை மறந்துவிடுகிறது என்றார். இதனைத் தலைமையாசிரியை அம்மையாரிடம் சொல்ல, தையற்காரர் துணியில் அளவு குறிக்கும் பற்சக்கரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தடித்த தாளை மடித்த துணியின்மீது வைத்துச் சக்கரத்தை உருட்டினால், தாளின் மறுபுறத்திற் புள்ளிகள் வரிசையாய் மேலெழும், விரலாற் படிக்கலாம். ஆனால் மறுபுறத்தில் எழுவதால் படத்தை இடவலம் மாற்றி வரைதல் வேண்டும். பொருளாதாரத்தின் கோடுகளையெல்லாம் கண்ணாடியிற் காண்பதுபோல் மாற்றி வரையக் கற்றேன். கற்றபின்புதான் அவற்றை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அதுவரை அவை எனக்குப் பக்கத்தை நிரப்பும் கோடுகளே.

ஓராண்டு முடிந்தது. வாரம் இருமுறை. அவர் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினார். யான் எங்கள் விதியை அவரிடம் எடுத்துரைத்து, நீரே பரீட்சகர், உமது தீர்ப்பென்ன என்றேன். துணிவட்டத்தை அவர் கையிற் கொடுத்தேன். அதன் விளிம்பை விரலாற் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"கொடுக்கமாட்டேன், ஐயா" என்றார்.

"குறை யாது?" என்றேன்.

"குறை ஒன்றுமில்லை. முடிச்சுச் சின்னம் பெற்ற பிறகு அந்தக் கடற்கரை ஐயாவிடம் எத்தனை முறை போனீர்கள்? இதைக் கொடுத்துவிட்டால் நீங்கள் வருவது நின்றுவிடும். எனக்கு மூன்றாம் ஆண்டுப் பாடம் இருக்கிறது."

மேலாளர் இதைக் கேட்டு, பரீட்சகர் தம் நலங் கருதித் தீர்ப்பளிப்பது முறையன்று என்று வழக்குரைத்தார். அம்மையாரோ வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் கூட்டம் தொடங்கிய நாளினின்று அவர் அங்ஙனம் சிரித்து யான் கண்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யான் பேருந்தேறிக் கடற்கரைக்குச் சென்று வந்தேன். முதியவர் ஓய்வாய் அமர்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். வந்த காரணத்தை அவரும் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகள் சென்றுவிட்டன. எங்கள் ஐவரிடத்தும் இப்பொழுது மொத்தம் பதினான்கு சின்னங்கள் உள்ளன. தொண்டுச் சின்னம் மட்டும் எவரிடமும் இல்லை. மேலாளர் முதியோர் இல்லத்திற் கணக்கெழுதுகிறார், அங்கும் தீர்ப்பு இன்னும் வரவில்லை. எனக்குரிய துணிவட்டம் உருவந் தைக்கப்படாமலே அம்மையாரின் ஊசிப்பெட்டியிற் கிடக்கிறது. மாணாக்கர் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியிற் சேர்ந்திருக்கிறார். சென்ற வியாழக்கிழமை மாணாக்கரின் மதிப்பெண்கள் பரவும் வகையைக் காட்டும் மணிவடிவக் கோடு பாடமாக வந்தது. அதை வரைந்து அவர் விரலடியில் வைத்தேன். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் இறங்கிப் பார்த்துவிட்டு, "இந்த முனைகள் அடிக்கோட்டை எங்கே தொடுகின்றன?" என்று வினவினார். தொடுவதில்லை, நெருங்கி நெருங்கி நீண்டுகொண்டே போகும் என்றேன்.

"அப்படியானால் தாளின் ஓரம்வரையில் இழுத்துவிடுங்கள், ஐயா" என்றார்.